முகப்பில் ஒரு பெயர், உள்ளே பல கைகள்

1950களின் தொடக்கத்தில், இத்தாலியின் ஆட்ரியாட்டிக் கடலுக்கு அருகே குன்றின்மேல் அமைந்த காஸ்தெல்ஃபிதார்தோவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் அக்கார்டியன்கள் கப்பலேறின. அவற்றில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. இன்று அதே ஊர்களில் செய்யப்படுபவை அந்த எண்ணிக்கையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அன்று போன கருவிகளில் பல இன்னும் அழியவில்லை. வெல்வெட் தைத்த கனத்த பெட்டிகளுக்குள் மச்சிலும் நிலவறையிலும் கிடக்கின்றன. வாசித்தவர் காலமானபின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பெட்டியைத் திறக்கிறார்கள். முத்துச்சிப்பி மினுமினுப்புள்ள செல்லுலாய்டு உடல், குரோமிய வேலைப்பாடு, கண்ணாடிக் கற்கள் பதித்த ஒரு பெயர். உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன: இதைச் செய்தவர் யார்? இது என்ன விலை பெறும்?

அன்று வாங்கியவருக்கு இவை கேள்விகளாகவே தோன்றியிருக்காது. பெயர் முகப்பில் இருந்தது, விலை கடைக்காரரின் பட்டியலில் இருந்தது. இன்று இரண்டுக்கும் விடை தேடி அலைய வேண்டியிருக்கிறது. முகப்பிலுள்ள பெயரை நம்பித் தேடுபவர் பெரும்பாலும் வழி தவறுகிறார். கருவியைத் திறந்து உள்ளே பார்ப்பவரே விடைக்கு அருகில் போகிறார்.

அக்கார்டியன் என்ற பெயரில் ஒரு கருவிக்கு 1829இல் வியன்னாவில் காப்புரிமை பெற்றவர் சிரில் டெமியான். அது கையடக்கமான சிறு பெட்டி. காற்று தட்டினால் அதிரும் உலோக நாக்குதான் அதன் உயிர். நம் ஆர்மோனியப் பெட்டிக்குள் இருக்கும் ரீடும் அதே இனம்தான். எம்.எஸ்.விஸ்வநாதனின் இசைக்குழுவில் மங்களமூர்த்தி வாசித்த அக்கார்டியனைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுகளுக்கு அந்த ஒலி அந்நியமானதல்ல. வியன்னாவில் பிறந்த கருவி இத்தாலிக்கு எப்படி வந்தது என்பதற்குக் காஸ்தெல்ஃபிதார்தோவில் ஒரு கதை சொல்வார்கள். 1863இல், அருகிலுள்ள லொரெத்தோ திருத்தலத்துக்கு வந்து திரும்பிய ஆஸ்திரிய யாத்திரிகர் ஒருவர், சொப்ரானி என்ற விவசாயக் குடும்பத்தின் வீட்டில் ஓர் இரவு தங்கினாராம். அவரிடமிருந்த இசைப்பெட்டி அந்த வீட்டுப் பையன் பாவ்லோவின் கைக்கு வந்ததாம். அவன் அதைப் பிரித்துப் பார்த்துத் தானே செய்யக் கற்றுக்கொண்டானாம். கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும் தொழிலைத் தொடங்கியவர் பாவ்லோ சொப்ரானி என்பது உறுதி. அவர் சகோதரர்களோடு செய்த பெட்டிகள் சந்தைகளிலும் லொரெத்தோ யாத்திரிகர்களிடமும் விலைபோயின.

அந்த முதல் தலைமுறையில் கருவியும் செய்தவரும் பிரிந்திருக்கவில்லை. வடக்கே ஸ்த்ராதெல்லா என்ற ஊரில் 1876இல் மரியானோ தல்லாப்பே பட்டறை தொடங்கினார். இடக்கைப் பக்கம் பொத்தான்களை வரிசைப்படுத்தும் முறை இன்றும் உலகெங்கும் அந்த ஊரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பாவ்லோவின் தம்பி செத்திமியோ தன் பெயரிலேயே தனித் தொழில் நடத்தினார். 1900இல் காமெரானோவில் சில்வியோ ஸ்காந்தால்லி தொடங்கினார். வாங்குபவர் பட்டறைக்கே போய் வாங்கலாம். பெயருக்குரியவரைப் பார்க்கலாம், பழுதானால் அவரிடமே கொண்டுபோகலாம். கருவியின் மேலிருந்த பெயர் அதைச் செய்தவரின் கையொப்பமாகவே இருந்தது.

கடல் கடந்த வணிகம் அந்த நிலையை மாற்றியது. லட்சக்கணக்கில் இத்தாலியர் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் குடிபெயர்ந்தபோது அக்கார்டியனும் உடன் போனது. கீதோ தேய்ரோ, பியெத்ரோ தேய்ரோ சகோதரர்கள் அமெரிக்க மேடைகளில் பியானோ கட்டைகள் கொண்ட அக்கார்டியனைப் புகழ்பெறச் செய்தார்கள். 1939இல் சார்லஸ் மக்னாந்தே அதை நியூயார்க்கின் கார்னெகி அரங்குக்குக் கொண்டுசென்றார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஊருக்கு ஊர் அக்கார்டியன் பள்ளிகள் முளைத்தன. பிள்ளைக்குச் சில வாரம் சிறு கருவியில் சொல்லிக்கொடுத்து, பிறகு பெற்றோரிடம் பெரிய கருவியை விற்பதே பல பள்ளிகளின் பிழைப்பாக இருந்தது. இறக்குமதியாளர்களும் கடைகளும் பள்ளிகளும் தத்தம் பெயரைக் கருவியில் பொறித்துத் தரும்படி இத்தாலிக்கு எழுதினார்கள். ஆலைகளும் அப்படியே பொறித்து அனுப்பின. ஒரே ஆலையின் ஒரே மாதிரி பல பெயர்களில் போனது. ஒரே பெயர் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆலைகளின் கருவிகளில் ஏறியது.

எனவே அன்றைய பெயர்களில் பல இன்று விற்றவரைச் சொல்கின்றனவே தவிர, செய்தவரைச் சொல்வதில்லை. சிலவற்றில் வாசித்தவரின் சொந்தப் பெயரே கற்களால் பதிக்கப்பட்டிருக்கும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டுமென்றது. அதனால் ‘இத்தாலி’ என்ற முத்திரை அடியிலோ பின்புறமோ பெரும்பாலும் கிடைக்கும். ஊரையும் பட்டறையையும் குறிக்கச் சட்டம் கேட்கவில்லை, வணிகமும் விரும்பவில்லை. தொடர் எண் இருந்தாலும், அதை வைத்து ஆண்டைச் சொல்லப் பொதுவான பதிவேடு எதுவும் கிடையாது. ஒவ்வோர் ஆலையும் தன் போக்கில் எண்ணிட்டது. ஆலைகள் மூடியபோதும் இணைந்தபோதும் அந்தக் கணக்குகளில் பல சிதறின.

அன்று வாங்கியவர் எதைப் பார்த்து வாங்கினார்? தோற்றத்தையும் பொத்தான்களின் எண்ணிக்கையையும். பிள்ளைகளுக்கு 12 அல்லது 48 பாஸ் பொத்தான்கள், தேறியவர்களுக்கு 120. முழு அளவுக் கருவி என்றால் வலப்புறம் 41 கட்டைகள், இடப்புறம் வரிசைக்கு 20 வீதம் ஆறு வரிசைகளில் 120 பொத்தான்கள். 1930களின் கருவிகளில் செதுக்கிய செல்லுலாய்டும் கற்களும் மிகுந்திருந்தன. போருக்குப் பிந்தியவை அக்காலக் கார்களின் குரோமிய வளைவுகளைத் தம் முகப்பில் ஏற்றுக்கொண்டன. ஒலியின் நிறத்தை மாற்றும் ரெஜிஸ்டர் விசைகள் முன்பு ஒன்றிரண்டு இருந்தன, பிறகு பத்துக்கு மேல் பெருகின. விசைகள் பெருகப் பெருக விலையும் ஏறியது. உள்ளே எத்தகைய ரீடு என்பதைப் பெரும்பாலோர் கேட்கவில்லை, கேட்டாலும் திறந்து காட்டுவார் இல்லை.

இன்று மதிப்பிடுபவர் இந்த வெளி அடையாளங்களைக் காலத்தை ஊகிக்கப் பயன்படுத்துகிறார். முகப்புச் சல்லடையின் வடிவம், விசைகளின் அமைப்பு, செல்லுலாய்டின் நிறம் ஆகியவை ஏறத்தாழ எந்தப் பத்தாண்டு என்று சொல்லிவிடும். அடுத்து அவர் கருவியைத் தோளில் மாட்டி, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் துருத்தியை மெல்ல இழுத்துப் பார்க்கிறார். காற்று எளிதாக உள்ளே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பிறகு ஒவ்வொரு கட்டையையும் இழுக்கும்போது ஒருமுறை, தள்ளும்போது ஒருமுறை, ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் வாசித்துக் கேட்கிறார். பெட்டியை முகர்ந்தும் பார்க்கிறார். பூஞ்சை வாடை இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, எஃகு துருப்பிடித்திருக்கக்கூடும். இவ்வளவுக்கும் பிறகுதான் துருத்தியைப் பிடித்திருக்கும் சிறு ஊசிகளைக் கழற்றி இரு பாதிகளையும் பிரிக்கிறார்.

உள்ளே தெரிவது வேறோர் உலகம். மரக்கட்டைகளில் வரிசையாக உலோகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு எஃகு நாக்குகள், இழுப்பதற்கு ஒன்று, தள்ளுவதற்கு ஒன்று. நான்கு குரல்கள், அதாவது ஒரு கட்டைக்கு நான்கு ரீடு தட்டுகள் கொண்ட 41 கட்டைக் கருவியில் வலப்புறம் 164 தட்டுகள், 328 நாக்குகள். இடப்புறம் ஐந்து குரல்கள் என்றால் 12 சுரங்களுக்கு 60 தட்டுகள், 120 நாக்குகள். ஆக மொத்தம் 448. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நுனியிலோ அடியிலோ சுரண்டிச் சுரண்டிச் சுருதி சேர்த்திருக்கிறார். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். அளவுக்கு மீறிச் சுரண்டிய நாக்கு பலமிழந்துவிடும்.

மதிப்பின் பெரும்பகுதி இந்த நாக்குகளில் இருக்கிறது. உயர்தரக் கைவேலை ரீடுகளில், நீலமாகப் பதமிட்ட எஃகுப் பட்டையிலிருந்து நாக்கை வெட்டியெடுத்து, தட்டின் துளைக்கு மயிரிழை இடைவெளியில் பொருந்தும்படி அராவியிருப்பார்கள். நாக்கின் அடிப்பகுதி விளிம்புகளில் அந்த நீலம் இன்னும் தெரியும், அரத்தின் தடமும் தெரியும். இயந்திரத்தில் பெருவாரியாக வெட்டியவற்றில் அந்த நீல விளிம்பு இராது. இரண்டுக்கும் இடைப்பட்ட தரமும் உண்டு. கைவேலை ரீடு மெல்லிய காற்றுக்கும் உடனே பேசும், துருத்தியை வேகமாக இழுத்தாலும் சுருதி கலையாது. இதோடு சில கருவிகளில் தாழ்ந்த குரலையும் நடுக்குரலையும் தனி மரக்கூண்டுக்குள் அமைத்திருப்பார்கள். கசோத்தோ எனப்படும் அந்தக் கூண்டின் வழியே வரும் ஒலி உருண்டு, கனிந்து வரும். கைவேலை ரீடும் கசோத்தோவும் சேர்ந்திருந்தால், முகப்பில் யார் பெயர் இருந்தாலும் கருவிக்குத் தனி மதிப்பு.

செய்த ஆலை எது என்பதையும் இந்த உள்வேலைதான் சொல்கிறது. ரீடு கட்டைகளின் மரமும் வடிவமும், அவற்றைப் பூட்டும் கொக்கிகளின் அமைப்பு, தட்டுகளில் குத்திய எழுத்துகள், கட்டைகளை இணைக்கும் கம்பிகளின் வளைவு என ஒவ்வோர் ஆலைக்கும் தனிப் பழக்கம் இருந்தது. மூடியின் உட்புறத்திலோ மரக்கட்டையிலோ பென்சிலால் எழுதிய ஒரு தேதியோ சுருக்கெழுத்தோ சில கருவிகளில் கிடைக்கும். அந்த எழுத்துக்காரர் ஆலை முதலாளி அல்ல. ரீடு பொருத்தியவரோ சுருதி சேர்த்தவரோ பின்னாளில் பழுது பார்த்தவரோ ஆக இருக்கலாம்.

செய்தவர் யார் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய தொழில் ஒரு கூரையின் கீழ் நடக்கவில்லை. காஸ்தெல்ஃபிதார்தோ, காமெரானோ, ஓசிமோ, லொரெத்தோ, ரெக்கனாத்தி ஊர்களில் ஒரு வீட்டில் துருத்தி மடித்தார்கள், இன்னொரு வீட்டில் ரீடு செய்தார்கள், வேறொரு பட்டறையில் கட்டைகளும் பொத்தான்களும் ஆயின. பெரிய ஆலைகளும் பலவற்றை வெளியிலிருந்தே வாங்கிப் பூட்டின. பெயர் பெற்ற ஆலையின் கருவியிலும் பெயரில்லாத கடையின் கருவியிலும் ஒரே குடும்பம் செய்த ரீடுகள் இருந்திருக்க முடியும்.

அந்தப் பெருக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்தது, இளைஞர்கள் கிதாரை எடுத்துக்கொண்டார்கள். அக்கார்டியன் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. செத்திமியோ சொப்ரானி, ஸ்காந்தால்லி, ஃப்ரொந்தாலினி ஆலைகள் 1946இல் இணைந்து உருவான ஃபார்ஃபிசா, 1960களில் மின்னணு ஆர்கன்களால் பெயர்பெற்றது. ரெக்கனாத்தியின் ஈகோ நிறுவனம் கிதார் செய்தது. அதன் தொடக்கக்கால மின்கிதார்கள் பலவற்றின் உடலை மூடியிருந்த மினுமினுப்புப் பிளாஸ்டிக் அக்கார்டியன் தொழிலிலிருந்து வந்தது. தங்களை வீழ்த்திய கருவிக்கே அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கைத்திறனைத் தந்து பிழைத்தார்கள்.

இன்று காஸ்தெல்ஃபிதார்தோவில் 1981இல் திறந்த அக்கார்டியன் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்த்ராதெல்லாவில் தல்லாப்பேயின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1976 முதல் காஸ்தெல்ஃபிதார்தோவில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து இளம் கலைஞர்கள் வருகிறார்கள். அன்று குடும்ப விழாக்களிலும் நடன அரங்குகளிலும் வாசித்த கருவிக்கு இன்று இசைக் கல்லூரிகளில் பாடத்திட்டம் உண்டு. பிஜினி போன்ற ஆலைகள் செய்யும் உயர்தர மேடைக் கருவிகள் பல்லாயிரம் யூரோ விலைபெறுகின்றன. எண்ணிக்கை சுருங்கியது, ஒவ்வொரு கருவிக்கும் செலவாகும் கவனம் கூடியது. பயிலுவோருக்கான மலிவுக் கருவிகளின் சந்தையைச் சீன ஆலைகள் எடுத்துக்கொண்டன. பழைய பெயர்களில் சில அழிந்தன, சில கைமாறின. நியூயார்க்கில் பிறந்த எக்ஸெல்சியர் என்ற பெயர் இன்று பிஜினியிடம் இருக்கிறது.

பழைய கருவிகளின் விலை நிலவரம் வாரிசுகளுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே தருகிறது. அன்று உயர்ரகக் கருவி ஒன்று அமெரிக்காவில் ஆயிரம் டாலரையும் தாண்டியது. பல மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கட்டி வாங்கியவர்கள் உண்டு. அந்த நினைவு குடும்பத்தில் நிற்கிறது, ‘அந்தக் காலத்திலேயே அவ்வளவு விலை’ என்று. இன்று அவற்றில் பெரும்பாலானவை, குறிப்பாக இயந்திர ரீடுகள் கொண்ட பயிற்சிக் கருவிகள், சில நூறு டாலருக்கு மேல் போவதில்லை. காரணம் வயது. ரீடு தட்டுகளை மரத்தில் ஒட்டிவைத்திருக்கும் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த மெழுகு ஐம்பது அறுபது ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கிறது. நாக்குகளின் மேல் படிந்திருக்க வேண்டிய தோல் பட்டைகள் சுருண்டு எழுகின்றன. பழைய செல்லுலாய்டு சிதைந்து அமில வாயு விட்டால் உள்ளிருக்கும் உலோகமும் அரிக்கப்படுகிறது. எல்லாத் தட்டுகளையும் கழற்றி, புதுத் தோலிட்டு, மெழுகு வார்த்து, 448 நாக்குகளையும் சுருதி சேர்க்கும் செலவு, சாதாரணக் கருவியின் விலையைவிட அதிகம்.

அதே சமயம் ஸ்காந்தால்லி சூப்பர் 6 போன்ற சில மாதிரிகளுக்கு இன்றும் வாசிப்பவர்கள் போட்டியிடுகிறார்கள். அரிய பொருள் என்பதற்காக அல்ல. அந்த ரீடுகளின் ஒலிக்காக. முன்பு கற்களும் குரோமியமும் விலையைக் கூட்டின. இப்போது அவற்றுக்கு ஒரு டாலர்கூடக் கிடைப்பதில்லை. அன்று கடைக்காரர் திறந்து காட்டாத பகுதிக்குத்தான் இன்று விலை. வாசிப்பவர்கள் நல்ல ரீடுகளைத் தேடத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால், இந்த மாற்றம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

கூடியவை இன்னும் உண்டு. முன்பு ஒரு கருவியை அடையாளம் காண அந்த ஊர்க்காரரைத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது உள்வேலையின் படங்களை உலகின் மறுமுனையிலுள்ள பழுதுபார்ப்பவருக்கு அனுப்பி, சில மணி நேரத்தில் கருத்துக் கேட்கலாம். ஒரே ஆலையின் பத்துக் கருவிகளின் உட்புறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அன்றைய வணிகம் மறைத்த உறவுகள் இப்படி மெல்ல வெளிவருகின்றன.

குறைந்தது என்ன? படத்தில் நீல விளிம்பு தெரியும், ரீடு பேசும் வேகம் தெரியாது. மெழுகின் நிறம் தெரியும், அது நகத்துக்கு மசிகிறதா, உதிர்கிறதா என்பது தெரியாது. கருவியைத் தோளில் மாட்டி ஓர் இழுப்பிலேயே எந்தப் பட்டறை என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள். வீட்டுக்கு வீடு ரீடு அராவிய ஊர்களில் அந்த வேலை இன்று சில பட்டறைகளுக்குள் அடங்கிவிட்டது. நல்ல பழுதுபார்ப்பவரிடம் காத்திருப்போர் பட்டியல் நீளம். பழைய கருவியின் மதிப்பு அதனுள் இருக்கும் எஃகை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எஃகைத் தொடத் தெரிந்த ஒருவர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பதையும் பொறுத்தது.

ஆகவே பெட்டியைத் திறந்தவர்களுக்கு என் பதில் இதுதான். விலையைக் கேட்பதற்குமுன், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பழுதுபார்ப்பவரின் முன்னிலையில் திறந்து, ரீடுகளைப் பாருங்கள். உள்ளே பென்சில் எழுத்து இருந்தால் படமெடுத்து வையுங்கள். வாசித்தவர் யார், எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த ஆண்டு வாங்கினார் என்பது தெரிந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். முகப்புப் பெயரைவிட அந்தத் தாள் அடுத்து வருபவருக்கு அதிகம் சொல்லும். இரண்டு லட்சம் கருவிகள் கப்பலேறிய காலத்தில் அவற்றைச் செய்தவர்களின் பெயர்களை எழுதிவைக்க நேரமோ விருப்பமோ யாருக்கும் இருக்கவில்லை. குறைவாகச் செய்யும் இன்றைய ஆலைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. ரீடு அராவியவர், துருத்தி மடித்தவர், சுருதி சேர்த்தவர் ஆகியோரின் பெயர்களை ஒவ்வொரு கருவிக்குள்ளும் அவர்கள் எழுதி அனுப்பலாம், எழுதி அனுப்பவும் வேண்டும்.